பத்து மாத அட்வான்ஸ்

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு ஆண்டுகளாக நாங்கள் குடியிருந்த சென்னை ஆதம்பாக்கம் வீட்டின் உரிமையாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து, வழக்கத்துக்கு மாறாக உள்ளே வந்து உட்கார்ந்து, என் மகளின் படிப்பைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். மூன்றாவதாக அவர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருடைய மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கீழ்ப்பகுதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. மூன்று மாத அவகாசம் கொடுத்தார். ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால், இதில் அவர்மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

2017இல் நாங்கள் குடிவந்தபோது அந்த வீட்டின் வாடகை 8,500 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய். காலி செய்யும்போது வாடகை 11,000 ஆகியிருந்தது. இதையே அதிகம் என்று நாங்கள் அவ்வப்போது முணுமுணுத்திருக்கிறோம். வெளியே வந்து விசாரித்தபோதுதான், அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 17,000, 18,000 என்று கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. ஒரே வீட்டில் ஏழு ஆண்டுகள் இருப்பவனுக்கு வெளிநிலவரம் தெரிவதில்லை.

என் கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். மனைவி தையல் வேலையில் மாதம் ஐந்தாறாயிரம் சம்பாதிக்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது, மகளின் பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், வாடகை என்று 15,000, மிஞ்சிப்போனால் 16,000 கொடுக்கலாம் என்று வந்தது. இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாடகை என்பது மாதாமாதம் வருவது. ஒரு செலவைக் குறைத்து இன்னொன்றைத் தள்ளிப்போட்டுச் சமாளித்துவிடலாம். எங்களை மூன்று மாதங்கள் அலைக்கழித்தது அட்வான்ஸ்தான்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இந்தத் தொகையை ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் கேட்கிறோம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழக அரசு 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில் என்ற ஒரு வாசகமும் கூடவே இருக்கிறது. வீடு தேடி வாசலில் நிற்பவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடத்தான் செய்வான் என்பது வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரே ஓர் இடத்தில், நங்கநல்லூரில், இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "அப்படியா சார், சட்டம் நல்ல சட்டந்தான்" என்று சொல்லிவிட்டு, மகனிடம் கேட்டுச் சொல்வதாக எங்களை அனுப்பிவைத்தார். அவர் மகன் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை.

தொகையின் அளவைவிட மோசமானது அதைக் கொடுக்க வேண்டிய நேரம். பழைய வீட்டின் அட்வான்ஸ், நாம் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகே திரும்பக் கிடைக்கும். புதிய வீட்டின் அட்வான்ஸைக் கொடுத்தால்தான் சாவியே கைக்கு வரும். இடையில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் இரண்டு அட்வான்ஸ்களும் நம் பணமாக இருந்தும் இரண்டும் நம் கையில் இருக்காது. மாதம் 16,000 ரூபாய் வாடகை கொடுக்கக் கூடிய பல குடும்பங்கள் 11,000 ரூபாய் வீட்டிலேயே இடித்துக்கொண்டு கிடப்பதற்கு இந்த இடைவெளியே காரணம் என்று நான் நினைக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும் வீட்டில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறார். கேட்டால், "மாறுவதற்கு ஒன்றரை லட்சம் வேண்டுமே" என்பார்.

மகளின் பள்ளி நங்கநல்லூரில். என் அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில். எனவே நங்கநல்லூருக்கான ரயில் நிலையமான பழவந்தாங்கலுக்கும் கிண்டிக்கும் போய்வர வசதியான இடமாக இருக்க வேண்டும். மின்சார ரயில் பாதையில் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று போகப் போக வாடகை இறங்கிக்கொண்டே வரும். கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட புத்தம்புதிய அடுக்ககத்துக்கு 11,000தான் சொன்னார்கள். கூடத்தில் நின்றுகொண்டு மனைவி ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார். அவருக்கு அந்த வீடு பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வரும் வண்டிகள் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. பதினோரு வயதுப் பெண் காலை ஆறரை மணிக்கு நடைமேடையில் நிற்க வேண்டியிருக்கும். வாடகையில் மிச்சமாகும் ஐயாயிரத்தை அவள் தூக்கத்தில் பிடித்துக்கொள்வதாக ஆகிவிடும் என்று அதைக் கைவிட்டோம். (விளம்பரங்களில் "ரயில் நிலையத்துக்கு மிக அருகில்" என்பதற்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும் தூரம் என்று பொருள் என்பதையும் அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டோம்.)

சென்னையில் வீடு பார்ப்பவர்கள் முதலில் குளியலறைக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று என் மாமனார் சொல்வார். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தால் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு நீர். துணி வெளுக்காது, பருப்பு வேகாது, குடிக்கக் கேன் வாங்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் சம்ப் எவ்வளவு பெரியது, மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரிய இணைப்பு உண்டா, அந்த ஆண்டில் எத்தனை லாரி வாங்கினீர்கள் என்று கேட்பது இயல்பாகிவிட்டது. 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட மடிப்பாக்கத்தில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டில், கழிவுநீர்த் தொட்டியை மாதம் இருமுறை லாரி வைத்து எடுக்கும் செலவையும் குடித்தனக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அது வாடகையிலும் சேராது, மெயின்டனன்ஸிலும் சேராது.

தண்ணீர் இல்லாமல் போவது ஒரு கவலை என்றால், வந்து சேருவது இன்னொரு கவலை. வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு, 14,500 ரூபாய். அந்தப் பகுதிக்கு அது நம்ப முடியாத வாடகை. கூடத்துச் சுவரில் கீழிருந்து மூன்றடி உயரம்வரை புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அழகுக்காக என்றார் புரோக்கர். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டைல்ஸ் ஒட்டாத கழிவறைச் சுவரில், ஏறக்குறைய என் இடுப்புயரத்தில், கோடு போட்டதுபோல ஒரு பழுப்புக் கறை நேராக ஓடியது. அது 2015 டிசம்பர் வெள்ளத்தில் வந்ததா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்ததா என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, நாங்கள் கேட்காமலேயே, "மாடி வீடு பாருங்க தம்பி" என்றார்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் அப்போது முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் ஓடினால்கூடச் சுமார் 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரே இணைப்பில் பல குடித்தனங்களை வைத்து, ஆளுக்கொரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வாங்கும் வீட்டில் அதே 400 யூனிட் 3,600 ரூபாய் ஆகிறது. மாதத்துக்கு 1,200 ரூபாய் கூடுதல். வாடகை 15,000 என்று சொல்லும் வீடும் 16,200 என்று சொல்லும் வீடும் ஒன்றுதான் என்பது மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் படிக்கட்டுக்கு அடியில்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

இந்த அலைச்சலில் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது பணத்தைப் பற்றிய விஷயம் அல்ல. வாசலில் தொங்கும் அட்டையிலேயே "சைவம் மட்டும்" என்று எழுதியிருப்பவர்களிடம் ஒரு நேர்மை இருக்கிறது. நாம் திரும்பிப் போய்விடலாம். நங்கநல்லூரில் ஒரு மாடி வீட்டில் அந்த அம்மாள் அப்படி எதுவும் கேட்கவில்லை. சொந்த ஊர் எது என்றார். மன்னார்குடிப் பக்கம் என்றேன். மன்னார்குடியில் எங்கே என்றார். கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?" என்றார். எங்கள் பக்கத்தில் தெருப் பெயரைச் சொல்வதும் சாதியைச் சொல்வதும் ஒன்று என்பது, அந்த ஊரைப் பார்த்தேயிராத அவருக்கும் தெரிந்திருந்தது. நான் சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்தார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று காபியைக் குடிக்கும்போதே தோன்றியது, ஆனாலும் குடித்தேன். வாடகை 19,000 என்றார்கள். அந்த வீட்டை நாங்கள் வேண்டாம் என்றது அதனால்தானே தவிர, கொள்கையால் அல்ல. அதே வாரம், என் அலுவலகத்து இஸ்லாமிய நண்பர் ஒருவர் ஓர் எண்ணுக்கு அழைத்து, பெயரைச் சொன்னதும் வீடு முடிந்துவிட்டது என்ற பதிலைப் பெற்றார். அரை மணி நேரம் கழித்து நான் அழைத்தபோது, எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

மே மாதக் கடைசியில், இனி அட்வான்ஸுக்கு வழியில்லை என்ற நிலையில், பம்மலைச் சேர்ந்த ஒரு புரோக்கர் போக்கியத்துக்கு ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். தென்மாவட்டங்களில் இதை ஒத்தி என்பார்கள். ஆறு லட்ச ரூபாய் கொடுத்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு வாடகையே கிடையாது. காலி செய்யும்போது ஆறு லட்சமும் திரும்பக் கிடைக்கும். வாடகையில்லா வீடு என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஊரில் இருக்கும் கால் மனையை விற்றுத் தருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். சட்டப்படி போக்கியம் என்பது ஓர் அடமானம். நாம் கடன் கொடுக்கிறோம். வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கிறோம். ஆகவே அதைப் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். நான் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வீட்டின் பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்த பதிவு அதில் இருந்தது. கடனைக் கட்டாமல் விட்டு வங்கி ஏலத்துக்கு வந்தால், நம் ஆறு லட்சத்துக்கு அந்த முத்திரைத்தாள்தான் மிச்சம். புரோக்கரிடம் கேட்டேன். "அது பாட்டுக்கு அது ஓடுது சார், உங்களுக்கென்ன" என்றார். அம்மாவின் மனை தப்பியது.

கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் புரோக்கரும் அல்ல, நான் மூன்று கைப்பேசிச் செயலிகளில் போட்டுவைத்திருந்த அறிவிப்புகளும் அல்ல. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் தம்பி குரோம்பேட்டையில் அதே தொழில் செய்கிறார். எந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு வெளியூர் மாற்றல், எந்த வீட்டில் துணி மூட்டை சிறுத்துக்கொண்டே வருகிறது என்பதெல்லாம் தள்ளுவண்டிக்குத்தான் முதலில் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில், முதல் மாடியில் ஒரு வீடு. குடியிருந்தவர்கள் கோயம்புத்தூருக்குப் போகிறார்கள், இன்னும் அட்டை மாட்டவில்லை என்று சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தோம். இரண்டு அறைகள், தனி மீட்டர், குழாயில் கறை இல்லை. தெருவில் மழைக்கு முழங்கால்வரை தண்ணீர் நிற்கும், ஆனால் மாடிக்கு வராது என்று உரிமையாளரே சொன்னார். தானாகக் குறையைச் சொன்ன முதல் உரிமையாளர் அவர்தான். வாடகை 15,500, மெயின்டனன்ஸ் 1,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம்.

அப்போது ஆனி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள். ஆனிக்குள் ஆள் வராவிட்டால் வீடு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை பூட்டிக் கிடக்கும். ஒரு மாத வாடகை போகும். நாங்கள் அதைச் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். மனைவி மட்டும், "ஆனிக்குள்ளேயே பால் காய்ச்சிடறோம், அட்வான்ஸை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். 1,25,000 என்றார் அவர். கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கு இறங்கினார். என் இத்தனை வாரப் பேரங்களை எல்லாம் சேர்த்தால்கூட இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஒரு லட்சம் அட்வான்ஸ், முதல் மாத வாடகை 15,500, லாரிக்கும் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் 7,000, இஸ்திரிக்காரர் மறுத்தும் கையில் திணித்த 1,000. ஆக 1,23,500 ரூபாய். சேமிப்பில் 45,000 இருந்தது. மீதிக்கு மனைவியின் வளையல்கள் இரண்டும் வங்கிக்குப் போயின. மதிப்பீட்டாளர் ஒரு சிறு கறுப்புக் கல்லில் வளையலின் ஓரத்தை இழுத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு துளி திரவத்தை விட்டுப் பார்த்து, இரண்டரை சவரன் என்று எழுதினார். 80,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, அதாவது மாதம் 600 ரூபாய். ஆகவே என்னைப் பொறுத்தவரை அந்த வீட்டின் வாடகை 15,500 அல்ல, 16,100. என்னுடைய ஒரு லட்சம் வட்டியில்லாமல் அவரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. புதிய வாடகைச் சட்டத்தின்படி காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்திடம் பதிய வேண்டும். நாங்களும் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆறாவது பத்தியில், காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. எந்த மாதத்து வாடகை, குடிவந்தபோது கொடுத்ததா, காலி செய்யும்போது கொடுப்பதா என்று கேட்டேன். உரிமையாளர் சிரித்துவிட்டு, பேனாவால் "தற்போதைய" என்ற சொல்லைச் சேர்த்துக் கையொப்பமிட்டார்.

அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது ஆதம்பாக்கம் வீடு. 2017இல் 8,500 வாடகையில் குடிவந்தோம். வெள்ளையடிக்கப் பிடித்தது 11,000. சமையலறைக் குழாய்க்கும் ஒரு கதவுத் தாழ்ப்பாளுக்கும் 2,500. ஆக 60,000இல் 46,500 திரும்பி வரவேண்டும். காலி செய்த அன்று 25,000 கொடுத்தார். திருமணச் செலவு, மீதியைப் பிறகு தருகிறேன் என்றார். சட்டத்தில் ஒரு மாதக் கெடு இருக்கிறது. ஏழு ஆண்டுகள் தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொண்ட வீட்டில் போய் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்திரண்டாம் நாள், அவர் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் மொய் வைத்துவிட்டு வந்த மறுநாள், பாக்கி 21,500 என் கணக்கில் ஏறியது.

குரோம்பேட்டைக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. மகள் இரண்டு தோழிகளோடு பழவந்தாங்கலில் இறங்கிப் பள்ளிக்கு நடந்து போகிறாள். முதல் மழைக்கு, சொன்னபடியே, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, மாடிக்கு வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வாடகை 16,200 ஆனது. வளையல்களை மார்ச்சில் மீட்டோம். வங்கியில் ஒரு காகித உறையில் போட்டு, மேலே எடையை எழுதிக் கொடுத்தார்கள். மனைவி அவற்றைக் கையில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். உறையோடு அப்படியே பீரோவில், வாடகை ஒப்பந்தம் இருக்கும் கோப்புக்கு மேலே வைத்துப் பூட்டினார்.